நலமான பிறகு தொடங்கும் சிகிச்சை

*டிப்ரஷன் போய்விட்டது என்று வீடே நிம்மதியாக இருக்கும் காலத்தில்தான் அது திரும்பி வருகிறது. அதைத் தடுக்க எட்டு வாரப் பயிற்சி ஒன்று இருக்கிறது. யாருக்கு, எப்படி, எந்த அளவுக்கு அது உதவும்?*

காதில் ஹெட்போன். ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவின் இசைத்துண்டு ஒன்று அதில் பாதி வேகத்தில் ஓடுகிறது. இயல்பிலேயே கனத்த இசை அது. வேகத்தைக் குறைத்ததும் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. கேட்டுக்கொண்டே, வாழ்க்கையில் மிகவும் துயரமான ஒரு நாளை நினைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். எல்லாம் சில நிமிடங்கள்தான். இசை நின்றதும் ஒரு வினாத்தாள் கைக்கு வருகிறது.

இது கனடாவின் டொராண்டோ நகரில் உளவியலாளர் ஜிண்டல் சீகலின் குழு நடத்திய சோதனை. உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் டிப்ரஷன் வந்து குணமானவர்கள். சிலருக்கு மாத்திரையால் குணமாகியிருந்தது, சிலருக்குப் பேச்சு சிகிச்சையால். இசைக்கு முன்பும் இதேபோன்ற தாளை நிரப்பியிருந்தார்கள். ஒரு வேலையில் சறுக்கினால் மொத்த வாழ்க்கையுமே தோல்விதான், நாலு பேர் மெச்சாவிட்டால் நமக்கு மதிப்பே இல்லை என்ற சாயலில் வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஏற்கிறீர்கள் என்று குறிக்க வேண்டும்.

இசைக்கு முன்னும் பின்னும் சிலருடைய பதில்களில் பெரிய மாற்றம் இல்லை. சிலருடைய பதில்கள் தலைகீழாக மாறின. கொஞ்ச நேரச் சோகம் போதும், உள்ளே ஓய்ந்து கிடந்த பழைய எண்ணங்கள் அப்படியே எழுந்து வந்துவிட்டன. இவர்களை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். யாருடைய பதில்கள் அதிகம் மாறினவோ, அவர்களிடம்தான் நோயும் அதிகமாகத் திரும்பியது. 2006இல் வெளியான முடிவு இது.

சோகம் எல்லோருக்கும் வரும், போகும். ஒருமுறை டிப்ரஷனில் விழுந்து எழுந்தவருக்கு அந்தச் சோகம் தனியாக வருவதில்லை. 'நீ எதற்கும் லாயக்கில்லை' என்ற பழைய குரலையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது. அந்தக் குரல் எழும்போது என்ன செய்வது என்பதை, உடம்பும் மனசும் நன்றாக இருக்கும்போதே கற்றுக்கொடுப்பதுதான் எம்.பி.சி.டி. எனப்படும் மைண்ட்ஃபுல்னெஸ் (இந்தக் கணத்தில் நடப்பதை விழிப்போடு கவனிப்பது) வழி அறிதல்சார் சிகிச்சை.

ஒருமுறை வந்தால்...

டிப்ரஷன் ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது. இரண்டு, மூன்று முறை வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு 70, 80 சதவீதம்வரை ஏறுகிறது. முதல் தடவைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பெரிய அடி இருக்கும்: சாவு, வேலையிழப்பு, பிரிவு. அடுத்தடுத்த தடவைகளுக்கு அவ்வளவு பெரிய காரணம் தேவைப்படுவதில்லை. மண்பாதையில் பதிந்த வண்டித்தடம் மாதிரி. பல முறை ஓடிய சக்கரம் லேசாகத் திரும்பினாலும் அந்தப் பள்ளத்தில்தான் போய் இறங்கும்.

இறக்கிவிடுவது எது? அசைபோடும் மனம். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி? என்னிடம் என்ன கோளாறு?' என்று அதையே திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருப்பது. அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமாவுக்கு இதைச் சோதிக்க எதிர்பாராத வாய்ப்பு ஒன்று அமைந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் அவர் மனநிலை பற்றிய கேள்விகளைக் கேட்டு முடித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. 1989 அக்டோபர் 17 அன்று லோமா பிரியெட்டா நிலநடுக்கம் சான் பிரான்சிஸ்கோ பகுதியையே உலுக்கியது. பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களிடம் மறுபடி கேட்டார். முன்பே அசைபோடும் பழக்கம் உள்ளவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகச் சோர்வில் இருந்தார்கள். பிரச்சினையைத் தீர்ப்பதற்காக யோசிக்கிறோம் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த யோசனையே அவர்களை உள்ளே இழுக்கிறது. பெண்களிடம் இந்தப் பழக்கம் கூடுதல் என்பதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின.

மூவர் கற்ற பாடம்

1992இல், குணமானவர்கள் தொடர்ந்து நலமாக இருப்பதற்கு ஒரு சிகிச்சை முறையை உருவாக்கும் பொறுப்பு சீகலிடம் வந்தது. வேல்ஸின் பேங்கரில் இருந்த மார்க் வில்லியம்ஸையும் கேம்பிரிட்ஜில் இருந்த ஜான் டீஸ்டேலையும் அவர் சேர்த்துக்கொண்டார். மூவருமே அறிதல்சார் சிகிச்சையில் பழுத்தவர்கள். கெட்ட எண்ணம் வந்தால் அது சரியா என்று ஆதாரத்தோடு வாதாடித் திருத்துவது அந்தச் சிகிச்சையின் வழி. வாதத்தில் ஜெயிப்பதால்தான் குணமாகிறதா, அல்லது வாதாடுவதற்காக எண்ணத்திலிருந்து ஓரடி விலகி நிற்பதால் குணமாகிறதா? டீஸ்டேலுக்கு இந்தச் சந்தேகம் இருந்தது.

அப்போது அமெரிக்காவின் வூஸ்டரில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், ஜான் கபாட்-ஜின் 1979 முதல் ஒரு வகுப்பு நடத்திவந்தார். மூலக்கூறு உயிரியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். தீராத வலியோடு வாழ்பவர்களுக்கு விபாசனா, ஜென், ஹடயோகம் ஆகியவற்றிலிருந்து எடுத்த பயிற்சிகளை, மதச்சாயம் இல்லாமல் எட்டு வாரத்தில் கற்றுக்கொடுத்தார். மூவரும் 1993இல் அங்கே போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து, தங்கள் சிகிச்சையோடு அந்தப் பயிற்சிகளில் கொஞ்சத்தை ஒட்டவைத்தார்கள்.

அது சரிவரவில்லை. வகுப்பில் ஒருவர் உடைந்து அழுதால், இவர்கள் உடனே மருத்துவர்களாகி அந்தப் பிரச்சினையைத் தீர்க்கப் பார்த்தார்கள். மறுபடி வூஸ்டர் போனபோதுதான் அங்கிருந்த ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்பது கண்ணில் பட்டது. அவர்கள் தீர்க்க முயலவில்லை. அந்த வேதனையை விரட்டாமல், அதோடு கொஞ்ச நேரம் இருந்து பார்க்க உதவினார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் தினமும் தாங்களே பயிற்சி செய்பவர்கள். மூன்று விஞ்ஞானிகளும் முதலில் தாங்கள் உட்கார்ந்து பழகினார்கள். பிறகுதான் பாடத்திட்டம் முழு வடிவம் பெற்றது. 2002இல் புத்தகமாகவும் வந்தது.

பன்னிரண்டு நாற்காலிகள்

வகுப்பு பார்க்கச் சாதாரணமாக இருக்கும். வட்டமாகப் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள், தரையில் பாய்கள். எல்லோரும் டிப்ரஷனிலிருந்து மீண்டவர்கள். முதல் நாள் ஆளுக்கு ஓர் உலர்திராட்சை கொடுத்து, இதுவரை பார்த்தே இராத பொருளைப் போல அதைப் பார்க்கச் சொல்வார்கள். உருட்டி, முகர்ந்து, நாக்கில் வைத்து, மென்று விழுங்க எவ்வளவோ நேரம் ஆகும். நாம் எவ்வளவு நேரம் நினைவில்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது புரியும். அதன்பின் படுத்துக்கொண்டு கால்விரலிலிருந்து தலைவரை கவனத்தை ஒவ்வோர் உறுப்பாக நகர்த்தும் பயிற்சி. பலர் தூங்கிவிடுவார்கள். பலருக்கு மனசு ஆபீசுக்குப் போய்விடும். போனதைக் கவனித்துத் திரும்பக் கூட்டிவந்தால் போதும். அதுதான் பயிற்சியே.

இரண்டாம் வாரத்தில் வரும் ஒரு சின்னக் காட்சியை நான் முக்கியமாக நினைக்கிறேன். கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொல்கிறார்கள்: தெருவில் நடந்து போகிறீர்கள். எதிர்ப்பக்கம் தெரிந்தவர் ஒருவர் வருகிறார். சிரித்துக் கையசைக்கிறீர்கள். அவர் கவனிக்காமல் போய்விடுகிறார். இப்போது உங்கள் மனசில் என்ன ஓடுகிறது?

'என்மேல் ஏதோ கோபம்' என்கிறார் ஒருவர். 'நான் என்ன தப்பு செய்தேன்?' என்கிறார் இன்னொருவர். 'பாவம், வீட்டில் என்ன கஷ்டமோ' என்று ஒருவருக்குத் தோன்றுகிறது. 'கண்ணாடி போடாமல் வந்திருப்பார்' என்று நகர்ந்துவிடுகிறவரும் உண்டு. நடந்தது ஒன்று, கதை மட்டும் பலவிதம். அதே ஆள் வேறொரு நாள், வேறு மனநிலையில் இருந்தால் வேறு கதை சொல்வார். உண்மை என்று நாம் பிடித்துக்கொள்வதில் எவ்வளவு பங்கு அன்றைய மனநிலை எழுதியது என்பது யாரும் உபதேசிக்காமலே அந்த அறையில் வெளிப்பட்டுவிடுகிறது.

நான்காம் வாரம் இன்னும் ஆழமானது. டிப்ரஷனில் வரும் எண்ணங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுக்கிறார்கள். 'என்னால் இதிலிருந்து மீள முடியாது', 'எல்லோரையும் ஏமாற்றிவிட்டேன்' என்ற வகை எண்ணங்கள். நோயின் உச்சத்தில் இவற்றை எவ்வளவு நம்பினீர்கள், இன்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்கிறார்கள். தனக்கு மட்டுமே தெரிந்த அவமானம் என்று வருஷக்கணக்கில் பொத்திவைத்திருந்த எண்ணம், அச்சடித்த தாளில் இருக்கிறது! பக்கத்து நாற்காலிக்காரரும் அதே வரியில் 'முழுதாக நம்பினேன்' என்று குறித்திருக்கிறார். காய்ச்சலுக்கு உடம்புச்சூடு எப்படியோ, இந்த நோய்க்கு இந்த எண்ணங்கள் அப்படி. எத்தனை புத்திமதி சொன்னாலும் கிடைக்காத விடுதலை அந்த ஒரு தாளில் கிடைத்துவிடுகிறது.

> எட்டு வாரம்: சில விவரங்கள்
>
> வாரம் ஒரு வகுப்பு, இரண்டு மணி நேரத்துக்கு மேல். இடையில் ஒரு நாள் முழுக்கப் பயிற்சி உண்டு.
>
> வீட்டில் வாரத்துக்கு ஆறு நாள், தினமும் சுமார் 45 நிமிடம்.
>
> அன்றாடத்துக்கு 'மூன்று நிமிட மூச்சு இடைவெளி': இப்போது மனசில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, கவனத்தை மூச்சில் குவிப்பது, பிறகு உடம்பு முழுவதற்கும் விரிப்பது. நெருக்கடி வரும்போது முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான்.
>
> கடைசி வாரங்களில் ஒவ்வொருவரும் தன் நோய் திரும்புவதற்கான முன் அறிகுறிகளையும், அவை தெரிந்தால் செய்ய வேண்டியவற்றையும் எழுதிவைக்கிறார்கள்.

ஆய்வுகள் சொல்வது

2000ஆம் ஆண்டில் முதல் ஆய்வு வந்தது. டொராண்டோ, கேம்பிரிட்ஜ், வேல்ஸ் மூன்றிலுமாக 145 பேர். மூன்று முறையோ அதற்கு மேலோ டிப்ரஷன் வந்தவர்களை எடுத்துக்கொண்டால், வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களில் 66 சதவீதத்தினருக்கு 60 வாரங்களுக்குள் நோய் திரும்பியது. பயிற்சியும் பெற்றவர்களில் அது 37 சதவீதம். 2004இல் 75 பேரை வைத்துச் செய்த ஆய்வில் 78க்கு 36.

இரண்டே முறை வந்தவர்களுக்கோ இந்தப் பயிற்சியால் பலன் கிடைக்கவில்லை. 2004 ஆய்வு அதற்கு ஒரு விளக்கம் தந்தது. வாழ்க்கையில் விழுந்த பெரிய அடியால் திரும்பும் நோயை இந்தப் பயிற்சி அவ்வளவாகத் தடுப்பதில்லை. வெளியில் எதுவும் நடக்காமல், மனம் தன்னைத்தானே உள்ளே சுழற்றிக்கொண்டு விழுவதைத்தான் தடுக்கிறது. பல முறை விழுந்தவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்.

2016இல், ஒன்பது ஆய்வுகளில் இடம்பெற்ற 1,258 பேரின் விவரங்களை ஒன்றாக அலசினார் வில்லெம் கைகென். 60 வாரங்களில் பயிற்சி பெற்றவர்களில் 38 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 49 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியிருந்தது. முழுக்கத் தெளியாமல் நோயின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் பலன் கூடுதல். முதல் ஆய்வுகள் காட்டிய அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை என்பது உண்மை. ஆனால் வேலையும் குடும்பமும் மாதக்கணக்கில் முடங்கிப்போகும் ஒரு நோயில், நூற்றில் பதினொரு பேருக்கு அது திரும்பாமல் போவது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2004 முதலே இதைப் பரிந்துரைக்கிறது.

மாத்திரையை நிறுத்தலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இங்கிலாந்தில் 424 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2015இல் 'லான்செட்' இதழில் வந்தது. எல்லோரும் மூன்று முறைக்குக் குறையாமல் நோய் வந்து, மாத்திரையைத் தொடர்ந்துகொண்டிருந்தவர்கள். ஒரு பாதி மாத்திரையிலேயே இருந்தது. மறுபாதி பயிற்சிக்கு வந்து, மருத்துவர் துணையோடு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. இரண்டு ஆண்டுகளில் பயிற்சிக்காரர்களில் 44 சதவீதத்தினருக்கும் மாத்திரைக்காரர்களில் 47 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. பயிற்சி மாத்திரையை ஜெயிக்கவில்லை, தோற்கவும் இல்லை. சிறுவயதில் கடுமையான கொடுமைகளுக்கு ஆளானவர்களிடம் மட்டும் வித்தியாசம் தெரிந்தது: பயிற்சியில் 47, மாத்திரையில் 59 சதவீதம். பிள்ளைப் பருவத்தில் பட்ட அடி அதிகமாக இருந்தவர்களுக்கே பயிற்சி கூடுதலாகக் கைகொடுத்தது என்பதை 2014இல் மார்க் வில்லியம்ஸ் நடத்திய ஆய்வும் காட்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு யாராவது மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்பதுதான் என் பயம். அவர்களுக்காக இன்னோர் ஆய்வு. 'நன்றாக இருக்கிறேன், நிறுத்திக்கொள்ளலாம்' என்று நினைத்த 478 பேர்; இங்கிலாந்து; 2021. மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டில் 39 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. பயிற்சி எதுவும் இல்லாமல், படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 56 சதவீதம். மாத்திரையை விட வேண்டுமென்றால் அந்த இடத்தில் வேறொன்று இருக்க வேண்டும். விடுவதும் மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஏற்றதா?

'தியானம்தானே, நல்லதுதான் செய்யும்' என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போனது. கண்ணை மூடி உட்காரும்போது சிலருக்குப் பழைய கொடுமைகள் கண்முன் வரும். சிலருக்குப் பதற்றம் ஏறும். சிலருக்குத் தன் உடம்பே தன்னுடையது இல்லை என்பதுபோல் மரத்துப்போகும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லோபி பிரிட்டன் இதை முறையாகக் கேட்டுப் பதிவுசெய்தார். 2021இல் வெளியான அவருடைய ஆய்வில், பயிற்சி பெற்றவர்களில் 6 முதல் 14 சதவீதத்தினருக்கு நீடித்த பாதிப்பு இருந்தது. மற்ற உளவியல் சிகிச்சைகளிலும் ஏறக்குறைய இதே அளவு பாதிப்பு உண்டு. சிகிச்சை என்றால் பக்கவிளைவும் இருக்கும். அதைக் கவனிக்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். டிப்ரஷனின் உச்சத்தில், படுக்கையை விட்டே எழ முடியாமல் இருப்பவரிடம் '45 நிமிடம் உட்கார்' என்று சொல்வது கொடுமை. முதலில் அவர் எழுந்து நடமாட வேண்டும்.

நோயே இல்லாதவர்களுக்கும் கூட்டமாகக் கற்றுக்கொடுத்தால்? இங்கிலாந்தில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் அதைச் செய்து பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவுகளின்படி, வழக்கமான பாடத்தைவிட எந்தக் கூடுதல் பலனும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. பலமுறை விழுந்து எழுந்தவருக்கு இருக்கும் தேவை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இல்லை. மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் போன் ஆப்களில் விற்கப்படும் எல்லாவற்றுக்கும் இந்த ஆய்வுகளின் சான்றிதழ் இருப்பதாக நினைப்பதும் தப்பு.

நம் வீடுகளில்

2015–16இல் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் இருபதில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது டிப்ரஷன் வந்திருக்கிறது. மனநோய்களுக்குச் சிகிச்சை எட்டாதவர்கள், நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம்வரை. இப்படிப்பட்ட இடத்தில் 'குணமான பிறகு சிகிச்சை' என்று பேசுவது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் எப்படியோ போராடி மருத்துவரிடம் போய், நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டு, சிரிக்க ஆரம்பித்தவர் அன்றோடு எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார். 'நல்லாயிட்டேனே, இனி எதுக்கு ஆஸ்பத்திரி?' அடுத்த தடவைக்கான பாதை அங்கேதான் திறக்கிறது.

இந்தப் பயிற்சிக்குக் கருவி வேண்டாம், பெரிய செலவும் இல்லை. மாவட்ட மருத்துவமனையின் ஓர் அறையில் ஒரே ஆசிரியர் பன்னிரண்டு பேருக்கு நடத்தலாம். தட்டுப்பாடு ஆசிரியருக்குத்தான்: மனநோயும் தெரிந்திருக்க வேண்டும், தானும் வருஷக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். விபாசனா நம் பக்கத்து மண்ணில் பிறந்தது என்பதால் அப்படிப்பட்டவர்கள் தானாகக் கிடைத்துவிட மாட்டார்கள். மனநல மருத்துவமனைகளும் உளவியல் துறைகளும் இதற்கென்றே ஆட்களைத் தயார்செய்ய வேண்டும்.

அந்த 45 நிமிடத்துக்கு எங்கே போவது? விடிய ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்கும் போய்வரும் பெண்ணுக்கு அந்த நேரத்தைக் குடும்பம்தான் ஒதுக்கித் தர வேண்டும். ஸ்வீடன் மருத்துவர் மரீ ஆஸ்பெர்க் கவனித்த ஒன்று இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. வேலை நெருக்கும்போது மனிதர்கள் முதலில் கைவிடுவது, தங்களுக்குத் தெம்பு தரும் சின்னச் சின்ன விஷயங்களை. தோழியிடம் பேசுவது, பாட்டு, சாயங்கால நடை எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்து, உறிஞ்சும் வேலைகள் மட்டும் மிஞ்சும். பொறுப்பானவர்கள் என்று பெயரெடுத்தவர்களே இந்தச் சரிவில் முதலில் இறங்குகிறார்கள்.

முன் அறிகுறிகளை எழுதும் தாளுக்கும் வீட்டாரின் கண் வேண்டும். மூன்று மணிக்கே விழிப்பு வருவது, குளிக்கத் தள்ளிப்போடுவது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்சு நின்றுபோவது, வாசலில் கோலம் போடாமல் விட்டுவிடுவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை உண்டு. நோயாளிக்குத் தெரிவதற்கு முன்பே அம்மாவுக்கோ கணவருக்கோ அது தெரிந்துவிடும். ஆனால் தெரிந்ததும் வாயில் வருவது, 'என்ன, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?' 'உனக்கு என்னம்மா குறை வெச்சோம்?' நான்காம் வாரத் தாளில் இருந்த அதே எண்ணங்களுக்கு வீடே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. 'ரெண்டு நாளா நீ தூங்கலைன்னு தெரியுது. அந்தத் தாளை எடுத்துப் பார்ப்போமா?' என்று கேட்டால் போதும்.

> கவனிக்க வேண்டியவை
>
> மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.
>
> நோய் உச்சத்தில் இருக்கும்போது இந்தப் பயிற்சியைத் தொடங்குவதில்லை. மனச்சிதைவு, போதைப்பழக்கம், ஆறாத அதிர்ச்சி ஏதேனும் இருந்தால் முதலில் மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள்.
>
> தற்கொலை எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவும் பகலும், தமிழிலும் பேசலாம்.

சிகிச்சை முடிந்தது என்று மருத்துவர் சொல்லும் நாளில் அவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எனக்கு இது எத்தனையாவது தடவை? மாத்திரையை எத்தனை மாதம் தொடர வேண்டும், எப்படிக் குறைப்பது? திரும்பி வருகிறது என்றால் முதலில் எது தெரியும்? அப்போது யாரை, எந்த எண்ணில் கூப்பிடுவது? பதில்களை அந்த அறையிலேயே எழுதி வாங்கி, வீட்டில் ஒருவருக்கும் படிக்கக் கொடுங்கள்.